தேய்ந்த இரும்பு, பழகிய பிடி

கருக்கரிவாளின் அலகு முழுக்க ஒரே சீராகத் தேய்வதில்லை. நெற்குத்தை இடக்கையால் பற்றி, வலக்கையால் அரிவாளை வளைத்து இழுக்கும்போது தாளின் எதிர்ப்பையெல்லாம் தாங்குவது வளைவின் நடுப்பகுதி. பற்கள் முதலில் மழுங்குவது அங்கேதான். நுனிப் பற்கள் அதற்குப் பிறகும் நெடுநாள் கூர் குலையாமல் இருக்கும். பிடியை ஒட்டிய இரண்டு விரற்கடை இடமோ பட்டறையிலிருந்து வந்தபடியே கிடக்கும். புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் சேலியமேட்டிலோ குருவிநத்தத்திலோ பல போகம் அறுத்த அரிவாளைக் கையில் வாங்கும் அனுபவசாலிக்கு, வளைவு எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது, அலகின் அகலம் எவ்வளவு குறைந்திருக்கிறது, பற்கள் எத்தனை முறை திரும்ப வெட்டப்பட்டிருக்கின்றன என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பற்களைப் பெரும்பாலும் அலகின் ஒரு பக்கத்தில் மட்டுமே வெட்டுவதால், அரிவாள் வலக்கைக்காரருடையதா இடக்கைக்காரருடையதா என்பதும் தெரியும்.

இப்படிப்பட்ட அரிவாளின் மதிப்பு கேட்கும் ஆளைப் பொறுத்து மாறுகிறது. கணக்குப் பதிவின்படி கருவி என்பது ஆண்டுக்கு ஆண்டு விலை இறங்கும் பொருள். வருமான வரி விதிகளில் பொதுவான இயந்திரங்களுக்கும் தளவாடங்களுக்கும் ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படுகிறது. எஞ்சிய மதிப்பில் மறு ஆண்டு இன்னொரு 15 விழுக்காடு கழியும். பழைய இரும்பு வாங்குபவருக்கு எடை மட்டுமே கணக்கு. தேய்ந்தது என்றால் எடை குறைந்தது என்று பொருள், காசும் குறையும். வீட்டு முகப்பை அழகுபடுத்தப் பழம்பொருள் தேடுபவருக்கோ எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதைக் கையில் பிடித்து வேலை செய்பவரின் மதிப்பீடு இந்த மூன்றிலும் அடங்காது. எங்கே தேய்ந்திருக்கிறது, ஏன் தேய்ந்தது, இன்னும் எவ்வளவு இரும்பு மிச்சமிருக்கிறது என்ற மூன்று கேள்விகளை அவர் கேட்கிறார். தேய்ந்த கருவியின் உண்மையான மதிப்பை அறிய இந்தக் கேள்விகளே வழி.

ஏன் தேய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை ஏராளமாக உறிஞ்சித் தன் தாளிலும் இலையிலும் உமியிலும் சேர்த்து வைக்கும் பயிர். உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் ஏறத்தாழ 85 முதல் 95 விழுக்காடு வரை சிலிக்காதான். மணலின் முதன்மைப் பொருளும் அதுவே. பதம் ஏற்றாத மெல்லிரும்பைவிட அது கடினமானது. ஆகவே அறுவடை என்பது இரும்பு தாளை அறுப்பது மட்டுமல்ல, தாளும் இரும்பை அராவிக்கொண்டிருக்கிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்களிலும் நெல் விளையும் பாகூர் வட்டாரம் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது. புதுவைப் பகுதியின் இரண்டாவது பெரிய ஏரியான பாகூர் ஏரி பாய்ந்த அந்த வயல்களில் ஓர் அரிவாள் அடைந்த தேய்மானம், அந்த நிலத்தின் விளைச்சலுக்கு இரும்பில் பதிந்த கணக்கு.

மழுங்கிய கருக்கரிவாள் வழக்கமாகக் குப்பைக்குப் போகாது, கொல்லுப் பட்டறைக்குப் போகும். கொல்லர் அதை உலையில் சிவக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டு இளக்குவார். பட்டடைக் கல்லில் வைத்துத் தட்டி விளிம்பை மெல்லிதாக்கி, கூரிய சிற்றுளியால் ஒவ்வொரு பல்லாகச் சாய்த்து வெட்டிக்கொண்டே வருவார். பல்லின் முனை பிடியை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இழுக்கும்போது அறுக்க அதுவே தோது. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடைவெளி கண்ணளவிலும் கையளவிலும்தான் அமைகிறது. உளியை வைத்து ஒரு தட்டு, மயிரிழை நகர்த்தி இன்னொரு தட்டு, தாளம் தப்பாமல் நுனியிலிருந்து அடிவரை போகும். பிறகு மீண்டும் காய்ச்சி, விளிம்பைத் தண்ணீரில் தோய்த்து எடுப்பார். தோய்ச்சல் மிஞ்சினால் பல் பொரிந்து உதிரும். குறைந்தால் நாலு நாள் அறுப்பிலேயே மழுங்கும். சூட்டின் நிறம் பார்த்து அந்தப் பதத்தைப் பிடிப்பது பட்டறையில் வருடக்கணக்காக நின்றால் மட்டுமே வரும் அறிவு.

ஒவ்வொரு முறை பல் வெட்டும்போதும் அலகு கொஞ்சம் ஒடுங்கும். நெல்லுக்கு உதவாத அளவு ஒடுங்கிய அரிவாள் மாட்டுக்குப் புல் அறுக்கப் போகும். அதற்கும் ஆகாதபோது கீரை கிள்ள, கொடி கழிக்க, கயிறு அறுக்க வீட்டுக்குள் வரும். கடைசியில் மிஞ்சும் துண்டு மீண்டும் உலைக்குப் போய் வேறொரு கருவியோடு சேரலாம். இந்தச் சுற்று எதிர்த்திசையிலும் நடக்கிறது. ஓடித் தேய்ந்த லாரிகளின் ஸ்பிரிங் பட்டைகளைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி அரிவாளும் கத்தியும் அடிப்பது தமிழகமெங்கும் கொல்லர்களின் வழக்கம். அந்தப் பட்டையில் ஏறக்குறைய 0.5 முதல் 0.6 விழுக்காடு வரை கரி கலந்திருப்பதால், தோய்த்தால் கடினமாகும், அடித்தால் முறியாது. கொல்லரின் கண்ணில் அது புதிய தகட்டைவிட நம்பகமான இரும்பு. சாலையில் பாரம் தாங்கித் தன் தரத்தை முன்பே காட்டிவிட்ட பொருள் அது.

மண்வெட்டியின் கதை வேறு. அதைத் தேய்ப்பது பயிர் அல்ல, மண். வில்லியனூர், பாகூர் இரண்டு கொம்யூன்களிலும் மண் ஒரே மாதிரி இல்லை. பாகூர் ஏரிப் பாசன வயல்களில் களிமண். தென்பெண்ணையாற்றை ஒட்டிய சோரியாங்குப்பம், குருவிநத்தம் பக்கம் ஆற்று மணல் கலந்த வண்டல். வில்லியனூருக்கு வடக்கே சேதராப்பட்டு, தொண்டமாநத்தம் பக்கம் போகப் போகச் செம்மண்ணும் சரளையும் தலைகாட்டும். களிமண் அலகில் அப்பிக்கொள்ளும். ஆனால் மெதுவாகத்தான் தேய்க்கும். மணல் விளிம்பை வேகமாக அராவும், அராவினாலும் சீராக அராவும். சரளைக் கற்கள் விளிம்பைக் கடித்துப் பொக்கையாக்கும். மம்புட்டி என்று இந்த ஊர்களில் பேச்சில் வழங்கும் இந்தக் கருவியின் விளிம்பைப் பார்த்தே அது எந்த மாதிரி மண்ணில் வேலை செய்தது என்பதை ஊகிக்க முடியும். வலக்கைப் பழக்கமுள்ளவர் நின்ற நிலையில் சற்றுச் சாய்த்து வெட்டுவதால், நாளாவட்டத்தில் ஒரு மூலை மற்றதைவிடக் கூடுதலாகத் தேயும். அந்தச் சாய்வு ஏறிய மண்வெட்டியை இன்னொருவர் எடுத்து வெட்டினால் அது பக்கவாட்டில் வழுக்கும். சொந்தக்காரருக்கோ அதுதான் வாகு.

தேய்ந்து அலகு குட்டையான மண்வெட்டியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பளு குறைந்துவிட்டதால் பாத்தி கட்டவும் மேற்புல் செதுக்கவும் கைக்கு இலகு. வயதானவர்களும் தோட்ட வேலை செய்யும் பெண்களும் அதை விரும்பிக் கேட்டு எடுப்பார்கள். ஆழ வெட்ட வேண்டிய வேலைக்கு மட்டும் புதியது தேவை.

இரும்பைவிட அதிகம் பேசுவது பிடி. கருவேல மரத்தில் செதுக்கிய புதுக் காம்பில் வாய்ச்சியின் கொத்துத் தடங்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும். முதல் சில வாரம் அது உள்ளங்கையைக் கொப்பளிக்க வைக்கும். வியர்வையும் தோலின் எண்ணெய்ப் பசையும் மரத்துக்குள் ஊறி, உராய்வில் மேடுகள் கரைந்து, காம்பு மெல்ல மெல்லக் கருத்துப் பளபளப்பு ஏறும். உற்றுப் பார்த்தால் பளபளப்பும் காம்பு முழுக்க ஒரே அளவில் இருக்காது. மண்வெட்டிக் காம்பில் மேற்கை நிலையாகப் பிடிக்கும் இடத்தில் ஓர் ஒடுக்கம். கீழ்க்கை ஓங்கும்போது வழுகி ஏறி இறங்கும் இடத்தில் நீளமான, வழவழப்பான பட்டை. அலகு கோத்த இடத்தை ஒட்டி, கையே படாததால் சேறு காய்ந்த சொரசொரப்பு. பிடித்தவரின் உயரமும் கையின் வீச்சும் இந்த மூன்று இடங்களின் இடைவெளியில் பதிந்திருக்கின்றன. அலகு தேய்ந்து மாற்றும்போது பழைய காம்பையே புது அலகில் கோத்துக்கொள்பவர்கள் இருப்பது இதனால்தான். பழகிய பிடி கொப்பளம் தராது, வழுக்காது, எவ்வளவு ஓங்கினால் எங்கே விழும் என்பதைக் கை யோசிக்காமலே அறியும்.

கல்லில் தேய்மானம் வேறு விதமாக வேலை செய்கிறது. அம்மியும் ஆட்டுக்கல்லும் தேயத் தேய வழவழப்பாகும். வழவழப்பானால் அரைபடாது, மிளகாய் நசுங்குமே தவிர விழுதாகாது. அப்போது கல் கொத்துபவர் சிற்றுளியால் அதன் முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொத்தி மறுபடியும் பொளிந்து தருவார். அம்மி கொத்துவதற்கென்று தெருத்தெருவாகக் குரல் கொடுத்து வந்த இந்தத் தொழிலாளர்கள் மிக்சியும் கிரைண்டரும் வந்தபின் அரிதாகிவிட்டார்கள். கொத்திய கல்லை உடனே சமையலுக்கு எடுப்பதில்லை. தவிடோ கைப்பிடி அரிசியோ போட்டு அரைத்து, கல் துகளோடு வழித்துக் கொட்டிவிட்டு, துகள் வருவது நின்றபிறகே மசாலா அரைப்பார்கள். பல தலைமுறை அரைத்த அம்மியின் நடுப்பகுதி குழிந்திருக்கும், குழவியின் பருமனும் குறைந்திருக்கும். புதிய கற்காலத்து அரைகற்களிலும் இதே குழிவு காணப்படுகிறது. நடுவில் பள்ளமான அவற்றைத் தொல்லியலாளர்கள் சேணத்தின் வடிவோடு ஒப்பிட்டுச் சேண அரைகல் என்கிறார்கள்.

அந்தக் குழிவுக்குள் இன்னொன்றும் தங்குகிறது. கல்லின் நுண்துளைகளில் அரைபட்ட பொருளின் மாவுச்சத்துத் துகள்கள் சிக்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் இருக்க முடியும். ஹரியானாவில் ஃபர்மானா என்ற ஹரப்பா காலத்து ஊரில் கிடைத்த பானைகளையும் அரைக்கும் கருவிகளையும் மனிதப் பற்களையும் ஆராய்ந்த அருணிமா காஷ்யப், ஸ்டீவ் வெபர் ஆகியோர் அவற்றில் மஞ்சள், இஞ்சி ஆகியவற்றின் துகள்களை அடையாளம் கண்டார்கள். நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சமையலறைச் செய்தி அது. அழுக்கு என்று தேய்த்துக் கழுவியிருந்தால் அந்தச் சான்றும் தண்ணீரோடு போயிருக்கும்.

வில்லியனூர் பலருக்குத் திருக்காமீசுவரர் கோயிலால் அறிமுகமான ஊர். சுடுமண் கலைக்கும் அது பெயர் பெற்றது. வில்லியனூர் சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. அங்கே சுடுமண் சிற்பங்கள் செய்யும் வி.கே. முனுசாமிக்கு 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மண்பாண்டத் தொழிலில் தேய்மானம் கருவியின் தரத்தைக் கூட்டுகிறது என்பதை மற்றத் தொழில்களைவிடத் தெளிவாகக் காணலாம். சக்கரத்திலிருந்து எடுத்த பானை வாயும் கழுத்தும் முடிந்து, தடித்த சுவரோடு இருக்கும். உள்ளே ஒரு கல்லை அணைகொடுத்து, வெளியே தட்டுப்பலகையால் தட்டித் தட்டித்தான் அதன் வயிறு பெருக்கப்படுகிறது. புதுப் பலகையில் மரத்தின் ரேகைகள் புடைத்திருக்கும். தட்டும் ஒவ்வொரு முறையும் அந்த ரேகை ஈர மண்ணில் பதியும். ஆண்டுக்கணக்கில் ஈரக் களிமண்ணில் பட்டுத் தேய்ந்த பலகையின் முகமோ கண்ணாடிபோல் மென்மையானது. அதன் தட்டில் பானை வடுவின்றி வரும். உள்ளே பிடிக்கும் கல்லும் அப்படியே: பானையின் உள்வளைவுக்கு ஏற்ப உருண்டு, கைக்குள் அடங்கி உட்காரும். சிற்ப வேலையில் கண்ணிமையும் உதடும் கீறும் மூங்கில் சிம்புகளும் முனை தேய்ந்தபிறகே மண்ணைப் பிறாண்டாமல் வழுகிச் செல்லும். இவற்றைக் கடையில் வாங்க முடியாது. தானே தேய்த்து உண்டாக்க வேண்டும், அல்லது மூத்தவரிடமிருந்து பெற வேண்டும். புவிசார் குறியீடு கலையின் பெயரைக் காக்கிறது. அந்தக் கலையைச் சாத்தியமாக்கும் பலகையையும் கல்லையும் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது குறைதான்.

தச்சுத் தொழிலில் தேய்மானம் இரண்டு முகம் காட்டும். இழைப்புளியின் அடிப்பலகை தேய்ந்து குழிந்தால் இழைக்கும் பலகை மட்டமாக வராது; தச்சர் அதை அவ்வப்போது மட்டம் பிடிப்பார். உளியோ சாணை பிடிக்கப் பிடிக்க நீளம் குறையும். குறைந்த உளி குறுகிய துளைகளுக்கும் நுணுக்க வேலைக்கும் ஒதுக்கப்படும். புளிய மரத்துக் கொட்டாப்புளியின் முகத்தில் அடிபட்டு அடிபட்டு நார் பிரிந்து ஒரு பள்ளம் விழும், அதே பள்ளம் உளியின் தலையை நழுவாமல் ஏந்திக்கொள்ளும்.

தேய்மானத்தைப் படிக்கும் இந்த அறிவு ஊருக்குள் தொழில் அனுபவமாக இருந்ததைப்போலவே, உலக அளவில் ஓர் அறிவியலாகவும் வளர்ந்தது. சோவியத் தொல்லியலாளர் செர்கேய் செமியோனொவ், கற்கருவிகளின் விளிம்புகளை நுண்ணோக்கியில் வைத்து, எந்தக் கீறல் எந்த வேலையால் வந்தது என்று ஒப்பிட்டு ஆராய்ந்தார். அவரது நூல் 1957இல் ரஷ்ய மொழியிலும் 1964இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. தோல் சுரண்டிய கல், எலும்பு அறுத்த கல், மரம் செதுக்கிய கல் ஒவ்வொன்றிலும் கீறல்களின் திசையும் பளபளப்பும் வேறு வேறு. தானியத் தாள் அறுத்த கல் அலகுகளில் தனித்த ஒரு மினுமினுப்பு ஏறுகிறது; தாளிலுள்ள சிலிக்கா அதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. மேற்காசியாவில் மக்கள் எப்போது தானியம் அறுக்கத் தொடங்கினார்கள் என்ற கேள்விக்கு அந்த மினுமினுப்பு ஒரு சான்று. பாகூர் அரிவாளை மழுங்கச் செய்யும் அதே பொருள்தான் அங்கே சாட்சி சொல்கிறது.

ஆனால் எல்லாத் தேய்மானமும் உழைப்பின் தடம் அல்ல. இந்தியத் தொல்லியலின் தொடக்கக் கண்டுபிடிப்புகளில் ஒன்று 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த பழைய கற்காலக் கருவி. அப்படிப்பட்ட கற்களில் மனிதர் செதுக்கிய முகம் எது, ஆற்றில் உருண்டு தேய்ந்த முகம் எது என்று பிரித்தறிவது ஆய்வாளரின் முதல் வேலை. புழங்கிய தேய்மானம் வேலை நடந்த விளிம்பில் குவியும், இயற்கைத் தேய்மானம் எல்லாப் பக்கமும் பரவும்.

புதுச்சேரியிலிருந்து பாகூருக்குப் போகும் வழியில் அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேடு, வேலையின் தடத்தைப் படிப்பதற்கு இன்னொரு கோணத்தைத் தருகிறது. 1945இல் மார்ட்டிமர் வீலரும், அடுத்த ஆண்டுகளில் ழான் மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவும் அங்கே அகழ்ந்தார்கள். ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் புகழ் பெற்றன. ஆனால் அங்கே மணிகள் விற்கப்பட்டது மட்டுமல்ல, செய்யவும் பட்டன என்று நிறுவியவை பளபளக்கும் முழு மணிகள் அல்ல; துளை பாதியில் நின்றவை, செதுக்கும்போது உடைந்தவை, கண்ணாடிக் குழாயின் வெட்டுத் துணுக்குகள் போன்ற பட்டறைக் கழிவுகள். வேலையின் நடுவில் கைவிடப்பட்டவற்றில்தான் வேலையின் படிகள் தெரிந்தன.

இவ்வளவு சொன்னபின் ஓர் எச்சரிக்கை அவசியம். தேய்ந்தது எல்லாம் போற்றத்தக்கது என்று நினைப்பது ஆபத்து. சம்மட்டி அடிபட்டுத் தலை காளானாக விரிந்த உளியும் வெட்டிரும்பும் அடுத்த அடியில் சில்லாகத் தெறித்துக் கண்ணைப் பறிக்கக்கூடும். விரிந்த விளிம்பை உடனே சாணையில் அராவித் தள்ள வேண்டும். ஆப்பு தளர்ந்த கோடரி ஓங்கும்போது கழன்று பறக்கும். விரிசல் விட்ட காம்புக்குக் கம்பி சுற்றி ஓட்டுவது வழக்கம்தான் என்றாலும், அது மாற்ற வேண்டிய காம்பு. துரு என்பது உழைப்பின் அடையாளம் அல்ல, கவனிப்பின்மையின் அடையாளம். நாள்தோறும் வேலை பார்க்கும் விளிம்பில் துரு தங்காது. சேற்றோடு போட்டுவைத்த கருவியில்தான் அது செதில் செதிலாகப் பெயரும். வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, சொட்டு எண்ணெய் தடவி, அரிவாளை இறவாணத்தில் செருகி வைத்த பழைய வீட்டு ஒழுங்கு கருவியின் ஆயுளை நீட்டித்தது.

அந்த ஒழுங்குக்கு ஆண்டுக்கொருமுறை சடங்கின் வடிவமும் உண்டு. ஆயுத பூசையன்று வீட்டிலுள்ள அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை, உளி, படி எல்லாம் கழுவப்பட்டு, திருநீறும் சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரியும் கடலையும் படைக்கப்படும். அன்று அவற்றை வேலைக்கு எடுப்பதில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, தேய்ந்ததும் புதியதும் ஒரே வரிசையில் வைக்கப்படுவது. பயன்பாட்டிலிருந்து ஓய்ந்துவிட்ட தாத்தாவின் வாய்ச்சிக்கும் பொட்டு உண்டு. போகியில் பழைய பாயும் துடைப்பமும் முறமும் நெருப்புக்குப் போகும். இரும்புக் கருவி போகாது. கழிக்க வேண்டியதற்கும் வைத்துக்கொள்ள வேண்டியதற்கும் இடையே கோடு எங்கே விழுகிறது என்பதை இந்த இரண்டு பண்டிகைகளும் நடைமுறையில் கற்பித்துவிடுகின்றன. சடங்கின் நடைமுறைப் பயனும் சிறிதல்ல: எல்லாக் கருவியும் ஒருநாள் வெளியே எடுக்கப்பட்டு, எது தளர்ந்தது, எது துருவேறியது என்று பார்க்கப்படுகிறது.

கடந்த சில பத்தாண்டுகளில் வேறொரு சந்தை உருவாகியிருக்கிறது. செட்டிநாட்டுத் தூண்களும் பழைய கதவுகளும் விற்கும் பழம்பொருள் கடைகள் புதுச்சேரியைச் சுற்றி ஏராளம். உரல், ஆட்டுக்கல், மாட்டுவண்டிச் சக்கரம், மரக்கால் ஆகியவையும் அங்கே வந்து சேர்கின்றன. விடுதி முற்றங்களில் உரல் பூந்தொட்டியாகிறது, வண்டிச் சக்கரம் சுவரில் தொங்குகிறது. உடைத்து ஜல்லியாக்குவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இந்தச் சந்தை தேய்மானத்தின் தோற்றத்துக்கு மட்டுமே விலை தருகிறது என்பதால் போலித் தேய்மானமும் பிறந்துவிட்டது. புது மரத்தைச் சங்கிலியால் அடித்து வடு உண்டாக்குவது, அமிலம் தடவித் துருவேற்றுவது, வண்ணத்தைத் தேய்த்தெடுப்பது எல்லாம் உலகெங்கும் நடக்கும் தொழில்நுட்பங்கள். நுரைக்கல்லோடு போட்டுச் சுழற்றி வெளுக்கவைக்கும் ஜீன்ஸ் துணியும் அந்த வகைதான்.

உண்மையையும் போலியையும் பிரிக்க, மேலே சொன்ன கேள்விகளே போதும். உண்மையான உரலின் குழி உலக்கை விழும் இடத்தில் வழவழப்பாகவும் விளிம்பில் உளித்தடம் மாறாமலும் இருக்கும். உலக்கைப் பூணின் அடிவிளிம்பு உருண்டிருக்கும். உண்மையான பிடியில் ஒடுக்கம் கை படும் இடத்தில் மட்டும் இருக்கும். போலி செய்பவர் வடுவை அழகு பார்த்து எங்கும் பரவவிடுவார். வேலை செய்யும் கை அப்படிச் செய்யாது. நகரத்தில் மகாத்மா காந்தி சாலையில் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ஸ்பேனரோ குறடோ வாங்குபவருக்கும் இதே சோதனை பொருந்தும்: தாடைகள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா, ஆணியில் ஆட்டம் இருக்கிறதா, தேய்மானம் இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று பார்த்தால், அது நன்றாக உழைத்த கருவியா, பாழடிக்கப்பட்ட கருவியா என்று தெரியும். நன்றாக உழைத்த பழைய ஸ்பேனர், தரம் தெரியாத மலிவான புதியதைவிட நல்ல முதலீடு.

வயல்களில் இப்போது அறுவடை பெரும்பாலும் இயந்திரத்தின் வேலை. மழையில் சாய்ந்த நெல், இயந்திரம் இறங்க முடியாத சேறு, வயலின் மூலை, மாட்டுத் தீவனம் என்று கருக்கரிவாளுக்கு மிஞ்சியிருக்கும் வேலை குறைவு. மணிக்கணக்கில் குனிந்து அறுத்த முதுகுகளுக்கு இயந்திரம் பெரிய விடுதலை; அதைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் கருவி ஓய்வுபெறும்போது அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் குறைந்துவருகிறார்கள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திரா தென்னிந்திய வீடுகளையும் கைவினைகளையும் காட்சிக்கு வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட பெரிய நிறுவனம்தான் வேண்டும் என்பதில்லை. பாகூர், வில்லியனூர் பள்ளிகளில் ஓர் அலமாரி போதும்; மாணவர்களின் வீட்டுப் பரணிலேயே பொருள் இருக்கிறது.

அப்படிச் சேர்க்கும்போது செய்யக்கூடாத முதல் காரியம், கருவியைப் பளபளப்பாக்கி வார்னிஷ் பூசுவது. பரவும் துருவை நிறுத்த மென்மையான தூரிகையால் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தந்தால் போதும். பிடியின் கறையையும் விளிம்பின் கீறலையும் அராவக் கூடாது, அம்மியைச் சோப்பு போட்டு உரசக் கூடாது. கூடவே எழுதிவைக்க வேண்டியவை: ஊரில் அதற்கு வழங்கும் பெயர், எந்த மண்ணில் அல்லது எந்தப் பயிரில் புழங்கியது, அலகு எந்தப் பட்டறையில் அடித்தது, காம்பு எந்த மரம், எத்தனை முறை பல் வெட்டியது, காம்பு எத்தனை முறை மாற்றியது, வலக்கையா இடக்கையா, பிடித்தவர் எப்படிப் பிடித்தார். கடைசிக் கேள்விக்கு எழுத்தைவிட நிழற்படம் நல்லது. அதைவிட நல்லது, புழங்கியவர் கருவியைக் கையில் எடுத்து ஒருமுறை செய்துகாட்டுவதைக் கைப்பேசியில் படம்பிடித்து வைப்பது. விளிம்பின் தேய்வையும் பிடியின் ஒடுக்கத்தையும் அந்தப் படத்தோடு பொருத்திப் பார்த்தால், எந்தத் தடம் எந்த அசைவால் வந்தது என்பது அந்தக் கருவியைத் தொட்டிராத மாணவருக்கும் விளங்கும்.